நூலிலிருந்து பெட்டி வரை தகவல் அறுபடாமல்: திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டுகளைச் சேர்த்து ஓர் ஆர்டரை நடத்தும் முறை

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஆர்டர் முழுக்க ஒரே கூரைக்கடியில் முடிவது அபூர்வம். நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங் (நூலைப் பின்னித் துணியாக்குவது) ஓர் இடம், சாயம் இன்னோர் இடம், கம்பாக்டிங் (துணியை அமுக்கி அகலத்தையும் சுருக்கத்தையும் நிலைப்படுத்துவது), பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஒவ்வொன்றும் வேறு வேறு இடம். கட்டிங்கும் தையலும் சொந்த ஃபேக்டரியிலேயே நடந்தாலும், தேதி நெருங்கும்போது ஒரு பகுதி வெளியே பவர் டேபிள் எனும் சிறு தையல் யூனிட்டுக்குப் போகும். ஒவ்வொரு வாசலிலும் துணி டி.சி. எனும் டெலிவரி சலானோடு இறங்குகிறது. டி.சி.யில் கிலோவும் ரோல் எண்ணிக்கையும் இருக்கும். அந்தத் துணி அடுத்து எங்கே போகிறது, அங்கே அதற்கு என்ன நடக்கப்போகிறது, அதற்காக இங்கே எதைச் செய்யக் கூடாது என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது.

இப்படிப் பிரிந்து கிடக்கும் வேலையில் ஒரு கட்டத்தில் பிறக்கும் குறை, பெரும்பாலும் இரண்டு கட்டம் தள்ளித்தான் கண்ணில் படுகிறது. அதற்குள் துணி மூன்று கைமாறியிருக்கும். அதனால் இப்படி ஒவ்வொரு கட்டத்தையும் கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளை நிர்வகிப்பது என்றால் வண்டி அனுப்பி போன் பண்ணிக்கொண்டிருப்பது மட்டும் போதாது. அடுத்தவருக்குத் தேவையான தகவலை முந்தையவரிடமும், பின்னால் தெரிந்த குறையை முன்னால் செய்தவரிடமும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆர்டரைத் தொடக்கம் முதல் கடைசி வரை நடத்தும் மெர்ச்சண்டைசரின் தலையாய வேலை இதுதான் என்றே சொல்லலாம்.

யாருடைய வேலை யாரைப் பாதிக்கிறது

முதலில் இதைத் தாளில் எழுதுங்கள். எல்லா ஆர்டருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாக எழுத வேண்டும். அடிக்கடி தவறும் நான்கு இணைப்புகளைப் பார்க்கலாம்.

நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் நடுவே ரிப், அதாவது கழுத்துப் பட்டிக்கான இழுபடும் துணி. சட்டையின் பாடித் துணி 2,000 கிலோ என்றால் கழுத்து ரிப் நூறு கிலோவைத் தாண்டாது. சின்ன அளவுதானே என்று நிட்டிங்காரர் ரிப்பைக் கடைசியில் ஓட்டுவார். சாயப்பட்டறையில் பாடி நான்கு லாட்டாக (தொகுதியாக), ஐந்நூறு ஐந்நூறு கிலோவாக ஓடும். ரிப் முழுவதும் ஒரே லாட்டோடு போனாலோ தனியாக ஓடினாலோ, மற்ற லாட்டுகளின் பாடியோடு கழுத்து ஷேடு ஒட்டாது. ரிப்பை நான்கு பங்காகப் பிரித்து ஒவ்வொரு பாடி லாட்டோடும் அதே பாத்தில் (சாயத் தொட்டியில்) போட வேண்டும். அப்படியானால் முதல் பாடி லாட் சாயத்துக்குப் போகும் முன்பே ரிப் தயாராக இருக்க வேண்டும். நிட்டிங்காரருக்கு இந்தக் காரணம் தெரிந்திருந்தால் ரிப் மெஷினை முதல் நாளே ஓட்டிவிடுவார். “ரிப்பை சீக்கிரம் குடுங்க” என்று மட்டும் சொன்னால், அது அவருக்கு வழக்கமான அவசரப் பேச்சாகத்தான் கேட்கும்.

சாயத்துக்கும் பிரிண்டுக்கும் நடுவே சிலிக்கான். துணி கைக்கு மெத்தென்று இருக்க வேண்டுமென்று சாயப்பட்டறையில் ஃபினிஷிங்கில் சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவார்கள். அந்தத் துணியில் பிரிண்ட் சரியாகப் பிடிக்காது. துவைத்ததும் உரியும், வெடிக்கும். பிரிண்ட் மாஸ்டர் பேஸ்ட்டைச் சந்தேகப்படுவார், பிரிண்டைச் சூட்டில் இறுக்கும் க்யூரிங்கின் சூட்டைக் கூட்டிப் பார்ப்பார். காரணமோ இரண்டு வாசலுக்கு முன்னால் இருக்கிறது. பிரிண்ட் உண்டு என்பதைச் சாயத்துக்கான டி.சி.யிலேயே எழுதிவிட்டால், சிலிக்கானைத் தவிர்த்து வேறு சாஃப்ட்னர் போடுவார்கள். சாஃப்ட்னரே போடாமல் விடுவதும் ஆபத்துதான்: வறண்ட துணியில் ஊசி இறங்கும்போது நூலிழை அறுந்து, தையல் ஓரத்தில் ஓட்டை விழும்.

கம்பாக்டிங்குக்கும் கட்டிங்குக்கும் நடுவே சுருக்கம். கம்பாக்டிங் யூனிட்டுக்கு டயாவும் (துணியின் அகலம்) ஜி.எஸ்.எம்.மும் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மட்டும் சொன்னால் அவர் அந்த இரண்டையும் கொடுத்துவிடுவார். அகலத்தை இழுத்துப் பிடித்து டயா கொண்டுவந்த துணி, மேஜையில் அளக்கும்போது சரியாக இருக்கும். துவைத்தால் அகலத்தில் சுருங்கும். டயா, ஜி.எஸ்.எம்., சுருக்கம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுத்த பையர் 5 சதவீதச் சுருக்கம்தான் அனுமதிக்கிறார் என்றால், மூன்றும் ஒன்றாக வராத துணியில் எதை விட்டுக்கொடுப்பது என்று உங்களைக் கேட்காமல் அவர் முடிவெடுக்கக் கூடாது.

பிரிண்டுக்கும் தையலுக்கும் நடுவே பேனல், அதாவது வெட்டிய துணித் துண்டு. க்யூரிங் சூட்டில் முன்பக்கப் பேனல் சுருங்கும், பின்பக்கப் பேனல் அப்படியே இருக்கும். தைக்கும்போது பக்கத் தையலில் நீளம் ஒட்டாது. பல்க் (மொத்த) கட்டிங்குக்கு முன் ஐந்தாறு பேனலைப் பிரிண்ட் யூனிட்டின் க்யூரிங் மெஷினில் ஓட்டி, முன்னும் பின்னும் அளந்து, வித்தியாசத்தைக் கட்டிங் மாஸ்டருக்குக் கொடுங்கள். பேனல் பண்டில் எண் மாறாமல் திரும்பி வர வேண்டும் என்பதையும் பிரிண்ட் யூனிட்டிடம் தனியாகச் சொல்ல வேண்டும். எண் கலந்தால் ஒரே சட்டையில் முன்பக்கம் ஒரு ரோலிலும் பின்பக்கம் வேறு ரோலிலும் அமைந்து ஷேடு மாறும்.

ஆர்டர் கார்டு

பையர் தரும் விவரத் தொகுப்பான டெக் பேக் இருபது, முப்பது பக்கம் இருக்கும். அதை அப்படியே எல்லா யூனிட்டுக்கும் ஃபார்வர்டு செய்வது தகவல் பகிர்வு ஆகாது. படிக்க மாட்டார்கள், படித்தாலும் தனக்கு எது என்று தேட வேண்டும். ஒரு பக்கத்தில் ஆர்டர் கார்டு ஒன்று போடுங்கள். மேல் பாதி எல்லோருக்கும் பொது: ஆர்டர் எண், ஸ்டைல், கலர், துணி வகை, நூல் கவுன்ட் (நூலின் பருமன் எண்), முடிந்த ஜி.எஸ்.எம்., டயா, சுருக்க வரம்பு, ஒவ்வொரு கட்டத்துக்கும் முடிவுத் தேதி. கீழ்ப் பாதி அந்த யூனிட்டுக்கு மட்டும். அதில் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் காரணம் ஒரு வரி. உதாரணத்துக்கு, 10,000 பீஸ் நேவி டி-ஷர்ட்டுக்கு நிட்டிங் யூனிட் கார்டின் கீழ்ப் பாதி இப்படி இருக்கலாம் (24-ஸ் கோம்டு என்பது நூலின் கவுன்ட்டும் வகையும், சிங்கிள் ஜெர்சி துணி வகை, லூப் லெங்த் ஒரு கண்ணிக்குப் போகும் நூலின் நீளம்):

24-ஸ் கோம்டு, சிங்கிள் ஜெர்சி, லூப் லெங்த் 2.9 மி.மீ. நூல் லாட் இரண்டு வருகிறது. ஒரே மெஷினில் இரண்டையும் கலக்க வேண்டாம், டார்க் ஷேடில் படுக்கைக் கோடு தெரியும். ஒவ்வொரு ரோலிலும் ஆர்டர் எண், நூல் லாட், மெஷின் எண், ரோல் எண், எடை எழுத வேண்டும். சாயத்தில் அழியாத மார்க்கரில், துணியின் நுனியில். ரிப் முதல் பாடி லாட்டோடு வர வேண்டும். நான்கு பாத்துக்கும் பிரித்துப் போடுகிறோம்.

காரணம் எழுதுவதால் இன்னொரு நன்மை உண்டு. நீங்கள் எதிர்பார்க்காத சிக்கல் வரும்போது, காரணம் தெரிந்தவர் சரியான மாற்றுவழியைத் தானே சொல்வார். நிட்டிங் மாஸ்டர்களுக்கும் டையிங் மாஸ்டர்களுக்கும் இருக்கிற அறிவு பெரும்பாலான மெர்ச்சண்டைசர்களுக்குக் கிடையாது. அது வெளியே வர ஒரு வாசல் வேண்டும்.

கார்டில் தேதியும் திருத்த எண்ணும் கட்டாயம். பையர் ஏதாவது மாற்றினால் “திருத்தம் 2” என்று புதுக் கார்டு போட்டு, பழையதைக் கையில் வாங்கிக் கிழித்துவிட வேண்டும். இரண்டு கார்டும் ஒரே தளத்தில் இருந்தால் பழையதுதான் சுவரில் ஒட்டியிருக்கும். தையல் தளத்தில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல ஊர்க்காரர்கள் வேலை செய்கிறார்கள். அங்கே எழுத்துக் கார்டை நம்ப வேண்டாம். சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று, தவறின் மேல் சிவப்பு ஸ்டிக்கர், இரண்டையும் லைன் தலைப்பில் தொங்கவிடுங்கள்.

எடைக் கணக்கு: தகராறு தொடங்கும் இடம்

ஒரு பீஸுக்கு 200 கிராம் முடிந்த துணி வேண்டும் என்றால் 10,000 பீஸுக்கு 2,000 கிலோ. சாயத்தில் 8 சதவீதம் குறையும் என்று வைத்துக்கொண்டு, பலர் 2,000-த்தோடு 8 சதவீதம் கூட்டி 2,160 கிலோ கோரா (சாயம் ஏறாத) துணி அனுப்புகிறார்கள். 2,160-இல் 8 சதவீதம் போனால் மிஞ்சுவது 1,987 கிலோ. 13 கிலோ, அதாவது 60 பீஸுக்கு மேல் துண்டு விழும். சரியான கணக்கு 2,000-ஐ 0.92-ஆல் வகுப்பது: 2,174 கிலோ. நிட்டிங் சேதம் 1 சதவீதம் என்றால் அதை 0.99-ஆல் வகுக்க நூல் 2,196 கிலோ. கட்டிங் ரிஜெக்ஷனுக்காக வைக்கும் கூடுதல் இதற்கு மேல் தனி. இந்தக் கணக்கை யூனிட்டுகளுக்கும் காட்டிவிட்டு அனுப்புங்கள். “துணியைக் குறைச்சுட்டாங்க” என்ற சந்தேகம் பாதி கணக்குப் பிழையிலிருந்துதான் வருகிறது.

மீதிப் பாதி ஈரத்தால் வருகிறது. பருத்திக்கு வழக்கமான ஈர அளவு 8.5 சதவீதம். டிரையரிலிருந்து எலும்பாகக் காய்ந்து வந்த துணியை உடனே எடை போட்டால் குறைவாகக் காட்டும். ஒரு நாள் கிடந்து காற்றிலிருந்து ஈரம் இழுத்த பிறகு கூடுதலாகக் காட்டும். அதனால் எந்த நிலையில் எடை போடுவது என்று இரு தரப்பும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இரு தராசிலும் ஒரே 20 கிலோ படிக்கல்லை மாதம் ஒருமுறை வைத்துப் பார்த்தால் பாதி வாக்குவாதம் அதிலேயே தீரும்.

ஷேடு ஒப்புதல்

போன் படத்தில் ஷேடு ஒப்புதல் கொடுக்கவே கூடாது. கேமரா வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைத் தானாகத் திருத்துகிறது, திரைக்குத் திரை நிறம் மாறுகிறது. துணி நேரில் வர வேண்டும். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65, பையர் கேட்கும் கடை விளக்கு, பெரும்பாலும் டி.எல்.84, இரண்டிலும் பார்க்க வேண்டும். ஒன்றில் ஒத்து மற்றொன்றில் ஒதுங்கினால் டை காம்பினேஷனையே மாற்றச் சொல்ல வேண்டும். கொஞ்சம் டார்க் பண்ணுங்கள் என்று சொல்லி அது தீராது. கம்ப்யூட்டர் மேட்சிங் உள்ள இடத்தில் டெல்டா ஈ (நிற வித்தியாச அளவு) 1-க்குள் என்று எல்லையை எழுதிவிடுங்கள், ஆனால் கடைசி முடிவு கண்ணால்.

பையர் ஒப்புக்கொண்ட துணியை ஒரே துண்டிலிருந்து வெட்டி, பையருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, சாயப்பட்டறைக்கு ஒன்று, கட்டிங் மாஸ்டருக்கு ஒன்று. நான்கிலும் தேதியும் கையெழுத்தும். வெளிச்சம் படாத கவரில் இருக்கட்டும். இன்னொன்று: சூடாக வரும் துணியில் ஷேடு வேறாகத் தெரியும். ஆறிய பிறகு பார்த்துச் சொல்வது நேர விரயம் ஆகாது. லேப் டிப் (ஷேடு பார்க்க லேப்பில் போடும் சின்ன மாதிரி) போடும் தண்ணீரும் பல்க் ஓடும் தண்ணீரும் ஒன்றுதானா என்று கேட்பதும் அவசியம். சுத்திகரித்துத் திரும்ப வரும் தண்ணீரிலும் உப்புக் கரைசலிலும் பல்க் ஓடும்போது, லேப்பில் வேறு தண்ணீர் வைத்துப் போட்டிருந்தால் முதல் லாட்டே விலகும்.

பி.பி. மீட்டிங்கை எல்லோரையும் வைத்து நடத்துங்கள்

பல ஃபேக்டரிகளில் பி.பி. மீட்டிங் (உற்பத்திக்கு முந்தைய கூட்டம்) என்றால் மெர்ச்சண்டைசர், தரம் பார்க்கும் க்யூ.சி., கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர் மட்டும். துணி ஏற்கெனவே வந்து இறங்கியிருக்கும். அப்போது பேசி என்ன பயன்? நூல் நிட்டிங்குக்குப் போகும் முன் ஒரு சந்திப்பு, கட்டிங்குக்கு முன் இன்னொன்று என்று இரண்டாகப் பிரியுங்கள். முதல் சந்திப்புக்கு நிட்டிங், சாயம், கம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட்டுகளிலிருந்து வேலையைக் கையில் வைத்திருப்பவர் வர வேண்டும். ஓனர் வந்தால் மகிழ்ச்சி, ஆனால் மாஸ்டர் வராமல் ஓனர் மட்டும் வந்தால் பேச்சு ரேட்டுக்குப் போய்விடும்.

முக்கால் மணி நேரம் போதும். ஆர்டர் கார்டை வாசித்துக் காட்டிய பிறகு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “உங்களுக்கு முந்தின இடத்திலிருந்து எது சரியாக வராவிட்டால் உங்கள் வேலை நிற்கும்?” பிரிண்ட் மாஸ்டர் சிலிக்கானைச் சொல்வார், டையிங் மாஸ்டர் ரிப்பைச் சொல்வார், கட்டிங் மாஸ்டர் துணி விரித்துப் போட்டு ஆற நேரம் கேட்பார். லைக்ரா கலந்த துணி என்றால் 24 மணி நேரம்கூடக் கேட்பார். அந்த ஒரு நாளைத் தேதித் திட்டத்தில் அங்கேயே சேர்த்துவிடுங்கள். எதிரெதிரே உட்கார்ந்து கேட்டது மறக்காது. முடிவுகளை எழுதி அன்று மாலைக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பும் ஷீட்டும்

ஊரே வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. அதை விட்டு வேறு மென்பொருளுக்கு சின்ன யூனிட்டுகளை இழுப்பது வீண் வேலை. ஒழுங்கு மட்டும் வேண்டும். பையர் பெயரில் குரூப் போடாமல் ஆர்டர் எண்ணில் போடுங்கள். அந்த ஆர்டரில் கைவைப்பவர்கள் மட்டும் இருக்கட்டும். ஆர்டர் ஷிப் ஆனதும் சாட்டை எக்ஸ்போர்ட் செய்து கோப்பில் வைத்துவிட்டு குரூப்பை மூடுங்கள். அளவு, தேதி, ஒப்புதல் மூன்றும் வாய்ஸ் மெசேஜில் போகக் கூடாது. வண்டியில் போகும்போது பேசியிருந்தாலும் பிறகு ஒரு வரி எழுத்தில் வர வேண்டும். தேட முடியாத தகவல் இருந்தும் பயனில்லை.

இருப்பு நிலவரத்துக்கு ஒரு பொது ஷீட் போதும்: தேதி, ஆர்டர், லாட், அனுப்பியவர், பெற்றவர், டி.சி. எண், அனுப்பிய கிலோ, பெற்ற கிலோ, இழப்பு சதவீதம், குறிப்பு. யூனிட்காரர்களுக்குத் திருத்தும் உரிமை தேவையில்லை. அவர்கள் தராசுத் திரையின் படத்தை அனுப்பட்டும், உங்கள் ஆள் பதிவு செய்யட்டும். ஆனால் ஒவ்வொருவரும் தன் வரிகளைப் பார்க்க முடிய வேண்டும். தன் கணக்கு எதிர்த் தரப்பில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவர் மாதக் கடைசியில் சண்டைக்கு வர மாட்டார்.

டி.சி. விஷயத்தில் சட்டமும் கூடவே வருகிறது. ஜி.எஸ்.டி. விதி 55-இன்படி மூன்று பிரதி. ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பி வர வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்பனைக்கு அனுப்பப்பட வேண்டும். இல்லையென்றால் கொடுத்த நாளிலேயே விற்றதாகக் கொள்வார்கள். ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 படிவம், ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் இருந்தால் அரையாண்டுக்கு ஒருமுறை, 5 கோடி வரை ஆண்டுக்கு ஒருமுறை. மேலே சொன்ன ஷீட் ஒழுங்காக இருந்தால் இந்தப் படிவம் தனி வேலையாகவே இருக்காது.

குறை திரும்பிப் போகும் வழி

இந்தப் பகுதியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கட்டிங் மேஜையில் கண்ட குறை, அதை உண்டாக்கிய மெஷினுக்கு அதே ஷிஃப்டில் போய்ச் சேர்ந்தால் அடுத்த ரோல் தப்பிக்கும். பத்து நாள் கழித்து டெபிட் நோட்டாக, அதாவது பணப் பிடித்தமாகப் போனால், அதற்குள் அதே ஊசி இன்னும் பல ரோலைக் கெடுத்திருக்கும்.

யாருக்கு அனுப்புவது என்று தெரிய முதலில் குறையைப் பிரித்தறிய வேண்டும். நேர் செங்குத்துக் கோடு என்றால் ஊசி. ரோல் எண்ணைப் பார்த்து மெஷினைக் கண்டுபிடிக்கலாம். படுக்கையாகப் பட்டை பட்டையாக வந்தால் நூல் லாட் கலந்திருக்கும் அல்லது டென்ஷன் மாறியிருக்கும். ஜி.எஸ்.எம். குறைந்தால் உடனே கம்பாக்டிங்கைக் குற்றம் சொல்லாதீர்கள். நுனியில் நூறு லூப்பை எண்ணிக் குறித்து, அந்த நூலைப் பிரித்து, சுருள் நீக்கி அளங்கள். 29 செ.மீ. வந்தால் லூப் லெங்த் 2.9 மி.மீ., நிட்டிங் சரி. நூல் கவுன்ட்டும் சரியாக இருந்தால் கம்பாக்டிங்கைப் பாருங்கள். 31 செ.மீ. வந்தால் கோரா துணியே தளர்வாக ஓடியிருக்கிறது. ஜி.எஸ்.எம். பார்க்க வட்டக் கட்டர் 100 சதுர செ.மீ. வெட்டும், கிராம் எடையை 100-ஆல் பெருக்க வேண்டும். ஒரு ரோலில் ஒரே இடத்தில் வெட்டாமல் ஓரம், நடு, எதிர் ஓரம் மூன்று இடம். சுருக்கத்துக்கு 50 செ.மீ. சதுரம் குறித்துத் துவைத்து உலர்த்தி அளந்தால் 47.5-க்குக் கீழே போகக் கூடாது, வரம்பு 5 சதவீதம் என்றால்.

செய்தி இப்படி இருக்கட்டும்: “அண்ணா, ஆர்டர் 2417, ரோல் 14, மெஷின் 6. ஊசிக் கோடு, ரோல் முழுக்க. படம் போட்டிருக்கேன். மெஷின் 6 இப்போ ஓடுதுங்களா? ஊசி மாத்திட்டு ஒரு மீட்டர் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க.” ரோல் எண் இல்லாமல் “துணி கோடு கோடா இருக்கு” என்று அனுப்பினால், பத்து மெஷின் உள்ள இடத்தில் யாரும் எதையும் நிறுத்த மாட்டார்கள்.

இந்தச் செய்தியில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. குறை சொன்னால் டெபிட் வரும் என்று ஆகிவிட்டால், அடுத்த முறை யூனிட்டில் யாரும் தாங்களாகக் குறை சொல்ல மாட்டார்கள்; நல்ல ரோலுக்கு நடுவே கெட்ட ரோலைச் செருகி அனுப்புவார்கள். அப்படி மறைக்கப் பழகிய ஒரு யூனிட்டை மீண்டும் பேச வைப்பது மிகக் கடினம். டெபிட்டுக்கான விதியைத் தனியாக, ஆர்டர் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். நியாயமான ஒரு முறை: துணி தன் வாசலைத் தாண்டும் முன் யூனிட்டே சொல்லிவிட்டால் மறுவேலைச் செலவு மட்டும் அவருடையது, டெபிட் இல்லை. கட்டிங்கில் நாம் கண்டுபிடித்தால் துணி விலையில் பங்கு. தைத்த பிறகு தெரிந்தால், முன்பே பார்க்கத் தவறிய நம் செக்கிங்குக்கும் அதில் பங்கு உண்டு. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

எதைப் பகிரக் கூடாது

பையர் தரும் பீஸ் விலை, ஒரு யூனிட்டின் ரேட், ஒரு யூனிட்டின் டை ரெசிபி, இன்னொரு எக்ஸ்போர்ட்டரின் ஆர்டர். இந்த நான்கும் உங்களிடம் வந்தால் உங்களோடு நிற்க வேண்டும். ரெசிபியைப் பொறுத்தவரை ஆசை வரும்: ஒரு சாயப்பட்டறையில் நன்றாக வந்த நேவியை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று. தண்ணீர், மெஷின், டை கம்பெனி எல்லாம் மாறும்போது அது அங்கே அப்படியே வரவும் வராது. கொடுத்தவரின் நம்பிக்கையும் போய்விடும். ஷேடு துண்டைக் கொடுங்கள், ரெசிபியை அவர்களே உருவாக்கட்டும்.

தாராளமாகப் பகிர வேண்டியவை வேறு: அடுத்த மூன்று மாத வேலை அளவு, தேதி மாற்றம், பையர் ரிஜெக்ட் செய்த பீஸ், இன்ஸ்பெக்ஷன் அறிக்கை. ஏ.க்யூ.எல். 2.5 எனும் குறை வரம்பில் ஃபெயில் ஆன அறிக்கையைப் பிரிண்ட் யூனிட்டுக்குக் காட்டினால்தான், தன் பிரிண்டில் ஒரு துளி சிதறல் எந்த வகைக் குறையாக எண்ணப்படுகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஜி.ஓ.டி.எஸ். போன்ற ஆர்கானிக் சான்றிதழ் கேட்கும் ஆர்டர்களில் பகிர்வு கட்டாயமாகவே ஆகிவிடுகிறது. நிட்டிங், சாயம், பிரிண்ட், தையல் எதுவும் சான்றிதழ் வளையத்துக்கு வெளியே உள்ள யூனிட்டுக்குப் போகக் கூடாது. கெமிக்கல் பட்டியல் முன்பே ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், சரக்கு கைமாறும்போது தரும் ட்ரான்சாக்ஷன் சர்டிஃபிகேட்டில் கிலோ கணக்கு ஒத்துப்போக வேண்டும். தேதி நெருங்கும்போது “ஒரு ஆயிரம் பீஸ் வெளியே தைச்சுக்கலாம்” என்று பழைய பழக்கத்தில் அனுப்பினால் லேபிள் போடும் உரிமையே போகும். அப்படிப்பட்ட ஆர்டரில் எந்த யூனிட்டுக்கெல்லாம் அனுப்பலாம் என்ற பட்டியலை ஆர்டர் கார்டின் மேல் பாதியில் அச்சடித்துவிடுங்கள்.

பணம் நேரத்துக்குப் போகாவிட்டால் தகவலும் வராது

மூன்று மாதப் பாக்கி வைத்திருப்பவரிடம் எந்த டையிங் மாஸ்டரும் மனம் திறந்து பேச மாட்டார். உத்யம் எனும் அரசுப் பதிவு உள்ள குறு, சிறு யூனிட்டுகளுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவாக 2023-இல் சேர்ந்த விதியின்படி, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைக் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம். ஒவ்வொரு யூனிட்டின் உத்யம் எண்ணையும் வாங்கி, கெடு நாளை அதே ஷீட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடுங்கள். சின்ன யூனிட்டுகளுக்கு வாரச் சம்பளம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே பணம் போனால் அதன் மதிப்பு வேறு.

போட்டியாளர்களோடு சேர்ந்து கற்பது

சில அறிவு ஒரு கம்பெனியால் தனியே தேட முடியாதது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயக் கழிவால் கீழ்மடை விவசாயிகள் நெடுங்காலம் பட்ட பாடு அதன் பின்னால் இருந்தது. கழிவை ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்கு மாறினால்தான் மீண்டும் திறக்கலாம் என்ற நிலையில், ஒரே பொது நிலையத்தில் உறுப்பினரான சாயப்பட்டறைகள் ஆர்.ஓ. சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்பு நீரை என்ன செய்வது என்பதைச் சேர்ந்தே கற்க வேண்டியிருந்தது. உப்புக் கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துவது, அதற்கேற்ப டோசிங்கை மாற்றுவது எல்லாம் இப்படிப் பழகியவைதான். ஒருவர் கடினத்தன்மை அதிகமான நீரை அனுப்பினால் எல்லோருக்கும் பொதுவான ஆர்.ஓ. வடிகட்டி மெம்பிரேன் பாதிக்கும் என்ற நிலை இருக்கும்போது, அறிவைப் பூட்டி வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

இதே முறையைச் சிறிய அளவில் செய்யலாம். உங்களுக்கு வேலை செய்யும் நிட்டிங் யூனிட்டுகள் மூன்று என்றால், மூன்று மாஸ்டர்களையும் காலாண்டுக்கு ஒருமுறை உட்கார வையுங்கள். அந்தக் காலாண்டில் வந்த குறைத் துணிகளை மேஜையில் பரப்புங்கள், யூனிட் பெயரை மறைத்து. எது எதனால் வந்தது என்று அவர்களே சொல்லட்டும். வேலைப் பேச்சு மட்டும். ரேட் பேச்சு தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ஆர்டர் முடிந்த பின்

மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி கம்பெனி மாறுகிறார்கள். அவர் போனிலேயே எல்லாம் இருந்தால் அவரோடு போய்விடும். ஆர்டர் ஷிப் ஆன வாரத்திலேயே ஒரு கோப்பு கட்டுங்கள்: கடைசித் திருத்தக் கார்டு, ஒவ்வொரு லாட்டிலும் ஒரு அடி துணி, ஒப்புதல் ஷேடு, ரிப் துண்டு, ஒரு முழு பீஸ், ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையில் வந்த இழப்பு சதவீதம், வந்த குறைகளும் அவற்றின் காரணமும் ஒரு பக்கம். ஷீட்டும் குரூப்பும் கம்பெனி எண்ணில், கம்பெனி மெயிலில் இருக்க வேண்டும்.

ரிபீட் ஆர்டர் வரும்போது கோட்டேஷன் போடும் முன் இந்தக் கோப்பைத் திறந்து, திட்டமிட்ட 8 சதவீதத்துக்குப் பதில் சாயத்தில் உண்மையில் எவ்வளவு போனது என்று பாருங்கள். 9.5 என்று இருந்தால் அதே 2,000 கிலோவுக்கு 2,210 கிலோ கோரா துணி வேண்டும். புது விலையில் அந்த 36 கிலோவையும் சேர்த்து, அந்த இழப்பு ஏன் கூடியது என்று சாயப்பட்டறையோடு பேசிவிட்டு நூலுக்கு ஆர்டர் போடுங்கள்.